சரீரப் பிணைக்கு எவ்வளவு காசு, அக்கா?

நீதவான் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங், போன் கார்ட் எல்லாம் உண்டு. இலங்கையின் தேயிலை மலையகத்தில், ஹட்டனைச் சுற்றியுள்ள மலை நகரங்களில் ஒன்று. ஊர்ப் பெயரைச் சொன்னால் நீதிமன்றத்தையும் பொலிஸையும் சொன்னதாகிவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். 2011ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நம்பித்தான் கடையைத் திறந்தேன். வந்து நின்றவர்களோ வேறு ஆட்கள். கொழுந்துக் கறை போகாத விரல்களில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு, காலையில் எதுவும் சாப்பிடாத முகத்தோடு, "சரீரப் பிணைக்கு எவ்வளவு காசு, அக்கா?" என்று கேட்கும் அம்மாமார்.

சரீரப் பிணைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. "ஐம்பதாயிரம் ரூபாய் பெறுமதியான இரண்டு சரீரப் பிணை" என்று நீதவான் சொன்னால், இரண்டு பேர் வந்து, இந்த ஆள் வழக்குக்கு வராமல் போனால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். ரொக்கப் பிணை என்றால்தான் காசு. அதுவும் வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும், ரசீதைத் தொலைக்காமல் வைத்திருந்தால். இது தெரியாமல் காதில் கிடந்ததை அடகு வைத்துவிட்டு வந்தவர்களை நான் எண்ணி முடித்ததில்லை. 2016ல் ஒரு அம்மா அப்படி இருபதாயிரம் ரூபாயோடு வந்தார். நீதிமன்ற வாசலில் நின்ற ஒருவன் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனான். அந்த அம்மா மத்தியானம் வரை என் கடைப் படியில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தார். மகன் பத்து நாள் கழித்துத்தான் வெளியே வந்தான்.

இதை நான் எழுதுவது அந்தப் படியில் தொடங்கி வெளிநாட்டு நிதி வரைக்கும் போய்த் திரும்பி வந்த கதையைச் சொல்லத்தான். சங்கம், மன்றம் என்று நடத்தி, யாரோ தருகிற காசில் இந்த மாதிரி வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இதில் ஏதாவது உதவலாம்.

முதலில் ஆட்கள் ஏன் உள்ளே கிடக்கிறார்கள் என்று பார்ப்போம். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதுதான் வழக்கம், மறுப்பது விதிவிலக்கு. சில பாரதூரமான குற்றங்களுக்கு வேறு விதி உண்டு. எங்கள் பக்கத்து வழக்குகள் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதில்லை. கசிப்பு (கள்ளச்சாராயம்), குடித்துவிட்டுக் கைகலப்பு, விறகு வெட்டியது, கடனுக்கு வாங்கிய போனில் ஒரு தகராறு. நீதவான் பிணை கொடுத்துவிடுவார். பிணை நிற்கத்தான் ஆள் இருக்காது. ஆள் இருந்தால் அடையாள அட்டை இருக்காது. அட்டை இருந்தால் கிராம சேவகரின் சான்றிதழ் இருக்காது. எல்லாம் இருந்தால், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அட்டையில் சிங்கள எழுத்தில் வேறு மாதிரிப் பெயர். 1948ல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த மலையகத் தமிழ்ச் சனம் நாங்கள். எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையை முடித்த சட்டம் வந்தது 2003ல். இந்த ஐம்பத்தைந்து வருட இடைவெளி எங்கள் ஊரில் ஒரு பிணைப் பத்திரத்தின் ஓரத்தில் இன்றைக்கும் எட்டிப்பார்க்கும்.

வெள்ளிக்கிழமை பிடிபட்டால் இன்னும் மோசம். நீதிமன்றம் கலைவதற்குள் காகிதம் சேராவிட்டால் திங்கள் வரைக்கும் விளக்கமறியல். பல்லேகலைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டால் பார்க்கப் போவதற்கே ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போய்விடும். போகம்பறைச் சிறை 2014ல் மூடப்படும் வரை கண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போகலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது கண்டியில் இன்னொரு பஸ் ஏற வேண்டும். சிறை என்னவோ புதியதுதான். போகிறவளுக்குத் தூரம்தான் கூடியது.

எங்கள் தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் ஒன்று உண்டு, மலையகத்தில் இல்லாத தோட்டம் எது? வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய். சாவு விழுந்தால் பெட்டி, கூடாரம், தேத்தண்ணி, சீனி எல்லாம் சங்கம் பார்க்கும். செயலாளர், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா ஒருவர். ஒரு சதம் பிசகாது. 2017ல் அவரிடம் போய், மாதம் இன்னொரு இருபது ரூபாய் கூட்டி நீதிமன்றச் செலவுக்கென்று தனியாக வைக்கலாமா என்று கேட்டேன். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். "சாவு எல்லார் வீட்டுக்கும் வரும். பொலிஸ் எல்லார் வீட்டுக்குமா வருது?" என்று ஒரு மாமா எழும்பினார். முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வராத லயத்தைக் காட்டு" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

அந்த இருபது ரூபாயில் நாங்கள் செய்தது சின்ன வேலைகள். பஸ் காசு, காகிதக் கொப்பி (என் கடையில் அரை விலை), கிராம சேவகர் அலுவலகத்தில் இருக்கும் நாளைத் தெரிந்து ஆளை அனுப்புவது, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூடவே அனுப்புவது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய வேலை. பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். இவர்கள் சொன்னது ஒன்று, எழுதியது என்னவென்றே தெரியாமல் கையெழுத்து. தமிழில் வாக்குமூலம் கொடுக்கக் கேட்கலாம், வாசித்து விளக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லலாம். நீதிமன்ற நடவடிக்கை விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பைப் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சட்டம் தமிழிலும் இருக்கிறது. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குப் பொலிஸ் நிலையத்து மேசைக்கு முன்னால் நிற்கிறவருக்கு அதை யார் ஞாபகப்படுத்துவது?

ஒரு தடுமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பிணை நிற்க வருகிறவருக்கு அன்றைய நாள் சம்பளம் போகிறதே, அதைச் சங்கம் கொடுக்கலாம் என்று முதலில் முடிவெடுத்திருந்தோம். சட்ட உதவி ஆணைக்குழுவுக்காக வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர் கேள்விப்பட்டு, "தங்கச்சி, உடனே நிப்பாட்டுங்க. கூலிக்குப் பிணை நிற்கிற கும்பல்னு உங்களையும் சேர்த்துடுவாங்க" என்றார். வாசலில் நிற்கும் அந்த ஆட்களின் தொழிலே அதுதானே. அன்றிலிருந்து பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் மட்டும், அதுவும் சொந்தக்காரருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ. நல்ல மனதோடு கொடுக்கும் காசு எந்த இடத்தில் வேறொன்றாகிவிடும் என்று ஒரு சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

2019ல் நிதி வந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம், அதற்குப் பின்னால் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று. குற்றவியல் நீதித்துறைச் சீர்திருத்தம், அதுவும் சமூகமே முன்னின்று செய்வது என்பது அவர்களின் தலைப்பு. வார்த்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில். எங்கள் சங்கம் பிரதேச செயலகத்தில் மட்டும் பதிவானது, கணக்காய்வு அறிக்கை என்று கேட்டால் கணக்கப்பிள்ளை ஐயாவின் சிவப்புக் கொப்பியைத்தான் காட்ட முடியும். அதனால் காசு இன்னொரு பதிவான நிறுவனத்தின் வழியாக வந்தது. அவர்கள் நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் கரண்ட் பில் இருக்கிறது. எவ்வளவு எடுப்பார்கள் என்று முதலில் எழுத்தில் கேட்காதது எங்கள் பிழை.

படிவத்தில் பஸ் காசுக்கு இடமில்லை. "தனிநபர்களுக்கு நேரடிப் பண உதவி" கூடாதாம். பயிற்சிப் பட்டறைக்கு இடமிருந்தது. துண்டுப்பிரசுரத்துக்கு, பேனருக்கு, கண்டியிலிருந்து வரும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கு எல்லாம் இடமிருந்தது. நாங்களும் இடமிருந்ததையே எழுதினோம். யாரும் எங்கள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அவர்களுக்குப் பிடித்ததை எழுதினால் கிடைக்கும், கிடைத்த பிறகு நமக்குத் தேவையானதைச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தோம். கிடைத்த பிறகு எழுதியதைத்தான் செய்ய வேண்டும்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் முதல் பட்டறை. மேசைக்கு மேசை தண்ணீர்ப் போத்தல், மத்தியானம் மூன்று வகை இறைச்சி. பேசியவர் நன்றாகவே பேசினார், ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் அன்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு நாள் செலவு, எங்கள் இருபது ரூபாய்ப் பணத்தில் பதினான்கு மாதம். அதே கிழமை பிணை கிடைத்தும் காகிதம் இல்லாமல் ஒரு பையன் உள்ளே இருந்தான். அவன் அம்மாவுக்குக் கொடுக்க எங்களிடம் இருந்தது பழைய இருபது ரூபாய் மட்டும்தான்.

அந்த நிதிக் காலத்தில் நடந்த இன்னொரு காரியம் இன்றைக்கும் உறுத்துகிறது. "வெற்றிக் கதை" கேட்டார்கள். படத்தோடு. தண்டப்பணம் கட்டி வெளியே வந்த ஒரு தம்பியைச் சம்மதிக்க வைத்துப் படம் எடுத்து அனுப்பினோம். சம்மதம் என்றால் என்ன, அக்கா கேட்டால் மறுக்கவா போகிறான். அறிக்கை இணையத்தில் ஏறியது. எட்டு மாதம் கழித்து அவனுக்குப் பெண் பேசப் போன இடத்தில் யாரோ அதைப் போனில் காட்டினார்கள். கலியாணம் நின்றது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கடைப் பக்கம் வருவதை மட்டும் விட்டுவிட்டான். இப்போது நாங்கள் யாருடைய படத்தையும், பெயரையும், தோட்டத்தின் பெயரையும் கொடுப்பதில்லை. அதற்காக நிதி கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

சமூகமே முன்னின்று செய்வது என்றால் என்ன என்பதை நான் கற்றது ஒரு விறகுக் கட்டையில். மனைவியை விறகுக் கட்டையால் அடித்த ஒருவரைப் பொலிஸ் பிடித்தது. அவருடைய தாய் சங்கத்துக்கு வந்து, "இருபது ரூபாய் மாதம் தவறாமல் கட்டுறேன், என் மகனுக்கு எடுத்துத் தாங்க" என்றார். அடிபட்ட மருமகளும் அதே வீடு, அதே இருபது ரூபாய். யாருடைய காசு அது? கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. ஆண்கள் பாதிப் பேர், "எந்த வழக்கானாலும் ஆள் வெளியே வரட்டும், சட்டம் அதைத்தானே சொல்லுது" என்றார்கள். அது பிழையும் இல்லை. பெண்கள், "வெளியே வந்து அவன் போகப்போற வீடு எது?" என்றார்கள். கடைசியில், எந்தக் காகிதம் வேண்டும் என்று தாய்க்குச் சொல்லிக்கொடுப்பது, ஆனால் காசு கொடுப்பதில்லை என்று முடிவானது. காசு மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரி போகவும், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கவும் போனது. மாமியார் நான்கு மாதம் சந்தா கட்டவில்லை. ஐந்தாம் மாதம், ஒன்றும் பேசாமல் ஐந்து மாதக் காசையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

நிதி தந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குள் பாகுபாடு காட்டலாமா, எழுதப்பட்ட கொள்கை எங்கே என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. கொள்கையை அதற்குப் பிறகுதான் ஐந்து வரியில் எழுதினோம். ஆனால் அந்த ஐந்து வரியை யாரும் கொழும்பில் இருந்துகொண்டு முன்கூட்டியே எழுதித் தந்திருக்க முடியாது.

2020ல் எல்லாம் நின்றது. ஊரடங்கை மீறியதாக நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பிடித்தார்கள், எங்கள் பக்கத்தில் கோழித்தீன் வாங்கப் போனவரும் அதில் ஒருவர். நிதிக்காலம் முடிந்தது, நீட்டிப்பு இல்லை. அவர்களின் முன்னுரிமை மாறிவிட்டதாம். பெரிய இடங்களிலேயே அப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவில் இந்தத் துறைக்குப் பெரும்பணம் கொடுத்துவந்த ஓப்பன் ஃபிலாந்த்ரொப்பி, 2021ல் அந்த வேலையை ஐந்து கோடி டொலரோடு ஜஸ்ட் இம்பாக்ட் என்று தனி அமைப்பாகப் பிரித்து அனுப்பிவிட்டது. அவர்களுக்குக் கிடைத்த மாதிரி வழியனுப்பும் காசு எங்களுக்கு யாரும் தரவில்லை. காசு தருகிறவரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, "எப்போது போவீர்கள், எப்படிப் போவீர்கள்?" கேட்க வெட்கமாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவின் பிணை நிதிகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அங்கே பிணை என்றாலே பெரும்பாலும் ரொக்கம். நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் 2007ல் தொடங்கிய ஒரு நிதி, ஏழைகளுக்காகப் பிணைப் பணத்தைக் கட்டி, அவர்கள் வழக்குக்கு ஒழுங்காக வந்ததும் அது திரும்பக் கிடைக்க, அதே காசை அடுத்தவருக்குக் கட்டியது. இதற்கு வழிவிட்டு அந்த மாநிலம் 2012ல் ஒரு சட்டமும் போட்டது. 2020ல் ஜோர்ஜ் ஃபுளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ்காரரால் கொல்லப்பட்டபோது மினசோட்டாவில் இருந்த ஒரு சின்னப் பிணை நிதிக்குச் சில வாரங்களில் மூன்று கோடி டொலருக்கு மேல் வந்து குவிந்தது. வந்த வேகத்துக்குச் செலவழிக்கவில்லை என்று ஏச்சும் சேர்ந்தே வந்தது. படித்தபோது பொறாமையை விடப் பயம்தான் வந்தது. எங்கள் சிவப்புக் கொப்பியில் ஒரே நாளில் ஒரு கோடி விழுந்தால் கணக்கப்பிள்ளை ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, எங்கள் முடிச்சு ரொக்கத்தில் இல்லை. ஆனால் காசு சுற்றி வரும் அந்த யோசனையைத் தண்டப்பணத்துக்கு எடுத்துக்கொண்டோம். கசிப்பு வழக்கில் ஒருவருக்கு 25,000 ரூபாய் தண்டம், கட்டாவிட்டால் சிறை. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் 2021ல்தான் வந்தது, அதுவும் கேட்ட கிலோ கொழுந்து எடுத்தால்தான். நம் நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். தவணையில் கட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம், சட்டத்தரணியை விட்டுக் கேளுங்கள். 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாக வெளியே வேலை செய்து தீர்க்கும் கட்டளையும் உண்டு. அதையும் கேட்டால்தான் கிடைக்கும். இவை சரிவராத இடத்தில் சங்கம் கடனாகக் கொடுக்கிறது, சீட்டுக்காசு மாதிரி மாதாமாதம் திரும்பக் கட்ட வேண்டும். முதல் இரண்டு வருடத்தில் பதினொரு பேருக்குக் கொடுத்தோம். எட்டுப் பேர் முழுதாகக் கட்டினார்கள், இரண்டு பேர் பாதி, ஒருவர் கொழும்புக்குப் போனவர் போனவர்தான்.

இன்னொன்றும் படித்துக்கொண்டோம். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று சொன்னதும் செய்யாத குற்றத்தையும் ஒத்துக்கொண்டு தண்டம் கட்டுபவர்கள் அதிகம். பிறகு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை எடுக்கும்போது அது வந்து நிற்கும். அதனால் ஒத்துக்கொள்வதற்கு முன் ஒரு தடவை சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறோம், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சேவை இலவசம். வேலிச் சண்டை, ஏச்சுப் பேச்சு என்றால், இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமே இல்லை, நமக்கு அது வசதி.

2022ல், பஸ் கட்டணம் கண்ணுக்கு முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்த அந்த வருடத்தில், இன்னொருவர் தேடி வந்தார். சின்ன நிதி, முந்தையதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. விண்ணப்பத்துக்குப் பதில் சிவப்புக் கொப்பியைக் கேட்டார். இரண்டு மணி நேரம் புரட்டினார். "இது என்ன, 'ரொட்டி 4, ஆட்டோ' என்று இருக்கிறதே?" என்று கேட்டார். மழையில் பாதை மூடிய நாளில் ஒரு பிணைக்காரரை ஆட்டோவில் கொண்டுபோன கதையைச் சொன்னோம். மூன்று வருடத்துக்குத் தருகிறோம், எதற்குச் செலவு என்பது உங்கள் கூட்டத்தின் முடிவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனில் தமிழில் அரை மணி நேரம் பேசினால் போதும் என்றார்கள். இந்தத் தடவை நாங்களும் சிலதைக் கேட்டு வாங்கினோம்: படம் இல்லை, எத்தனை பேர் என்று வாக்குக் கொடுப்பதில்லை, சங்கத்தின் இருபது ரூபாய் நிற்காது. கடைசி விஷயத்தைப் பாட்டிதான் பிடிவாதமாக நின்று சொன்னார். வெளிக்காசு வந்ததும் நம் காசை நிறுத்தினால் கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள், கேள்வி கேட்கவும் மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

அந்த மூன்று வருடமும் முடிந்துவிட்டது. நீட்டித்துத் தந்திருக்கிறார்கள், ஒரு வருடத்துக்கு மட்டும். அதனால் போன கூட்டத்தில் இருபதை ஐம்பதாக்கும் பேச்சு வந்தது. முன்பு எழும்பிய அதே மாமா மறுபடி எழும்பினார். அவருடைய பேரன் ஒருவனை நாங்கள் போன வருடம்தான் எடுத்துவிட்டோம், அதனால் இந்த முறை ஆதரவாகப் பேசுவார் என்று நினைத்தேன். "ஐம்பது கூட, நாற்பது போதும்" என்றார். மாரியம்மன் திருவிழா முடிந்து முடிவெடுக்கலாம் என்று ஒத்திவைத்திருக்கிறோம். கணக்கப்பிள்ளை ஐயா கொப்பியில் பென்சிலால் நாற்பது என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.